பீடிக்கடை பாஸ்புக்

பீடித் தொழில் படுத்துக்கொண்டிருக்கிறது என்று பேச்சு வந்தால் எங்கள் பக்கத்தில் இரண்டு விதமான பதில் கேட்கலாம். "நல்லதாப் போச்சு, மனுசனக் கொல்லுற சாமான்தான, ஒழியட்டும்" என்பார் ஒருவர். "அது சரி, இத்தன பொம்பளையாளுக வீட்ல அடுப்பு எரிய வேண்டாமா?" என்பார் அடுத்தவர். டீக்கடையில் இந்த வாதம் முடிந்து நான் பார்த்ததில்லை. இருவர் பக்கமும் நியாயம் உண்டு. நான் சொல்ல வருவது வேறொரு சங்கதி. பீடி சுற்றிய பெண்ணின் கையில் ஒரு பாஸ்புக் இருந்தது. பீடி போகிற போக்கில் அதுவும் சேர்ந்து போகிறது. அடுத்து வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிற வேலைகள் எதற்கும் அப்படி ஒரு புத்தகம் கிடையாது.

உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். பேரன் பேத்திகளும் படிக்கட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர், வீரவநல்லூர், மேலப்பாளையம் என்று எந்த ஊரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், ஒரு காலத்தில் மடியில் தட்டோடு நாலு பெண்கள் திண்ணையில் இருப்பார்கள். முதல் நாளே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருப்பார்கள். அளவுத் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, நரம்பு தட்டாமல் பார்த்து, தூளை வைத்துச் சுருட்டி, நூலைக் கட்டி, முனையை மடக்க வேண்டும். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பையை மூலையில் போட்டுவிட்டு முனை மடக்க உட்காருவார்கள். காலையில் என் வகுப்பில் தூங்கி விழுந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

அந்த இலை எங்கிருந்து வருகிறது என்று அந்தப் பெண்களில் பலருக்குத் தெரியாது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் கோடைக் காலத்தில் பறிப்பது அது. அங்கேயும் பெரும்பாலும் பெண்களும் பழங்குடி மக்களும்தான் விடியற்காலையில் காட்டுக்குள் போய்ப் பறித்து, எண்ணிக் கட்டுகளாகக் கட்டிக் கூலி வாங்குகிறார்கள். புகையிலைத் தூள் குஜராத்திலிருந்தும் கர்நாடகத்து நிப்பாணிப் பக்கத்திலிருந்தும் வரும். கம்பெனி கிட்டங்கிக்கு வந்து, அங்கிருந்து ஊர் ஊராக இருக்கும் பீடிக்கடைக்குப் போகும். கடை என்றால் பீடி விற்கும் கடை இல்லை. கம்பெனிக்காக இலையும் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கி அனுப்பும் காண்டிராக்டரின் இடம். காட்டில் எண்ணிக் கட்டுகிற பெண்ணுக்கும் திண்ணையில் எண்ணிக் கட்டுகிற பெண்ணுக்கும் நடுவில் எத்தனையோ கை மாறுகிறது. விலை பேசும் இடம் எல்லாம் அந்த நடுவில்தான் இருக்கிறது.

கடையில் நடப்பதைத்தான் சொல்ல வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு இலை என்று எடை போட்டுக் கொடுப்பார்கள். நல்ல இலையானால் சரியாக வரும். ஓட்டை விழுந்ததும் பழுத்ததும் ஓரம் கிழிந்ததுமாக வந்தால் வெட்டும்போதே கால்வாசி குப்பைக்குப் போய்விடும். ஆனால் கொண்டு வர வேண்டிய பீடி ஆயிரம்தான்.

"எல காணாது அண்ணாச்சி, பூராவும் ஓட்டையா இருக்கு."

"எல்லாருக்கும் இதே எடதான். ஒனக்கு மட்டும் எங்கிட்டுப் போச்சு?"

இதற்கு மேல் பேசினால் நாளைக்கு இன்னும் மட்டமான இலை வரும். அதனால் பேச மாட்டார்கள். குறைகிற இலையைச் சொந்தக் காசில் வாங்கிச் சேர்ப்பார்கள். கூலி உயர்வு, பஞ்சப்படி என்று பேப்பரில் வருவதை நாம் பார்க்கிறோம். ஏறிய கூலி இலை வாங்கவே திரும்பிப் போவது பேப்பரில் வராது. இன்னொன்று கழிவு. கொண்டுபோன கட்டைப் பிரித்துப் பார்த்து, தடிமன் கூட, முனை சரியில்லை என்று ஒதுக்குவார்கள். ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது. ஒதுக்கிய பீடியை எல்லாக் கடைக்காரரும் கிழித்துப் போட்டார்களா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்தப் பெண்களுக்கு நல்லதும் ஒன்று நடந்தது என்கிறேன். அதற்குக் காரணம் ஒரு சட்டம்.

1958இல் சிந்தாமண்ராவ் வழக்கு என்று ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மத்தியப் பிரதேசத்துப் பீடி வழக்கு. முதலாளியிடம் புகையிலை வாங்கிக்கொண்டு போய் வெளியே சுற்றித் தருகிற ஆட்கள் தொழிற்சாலைச் சட்டப்படி தொழிலாளர் இல்லை என்று தீர்ப்பு வந்தது. அதாவது வேலை அவனுடையது, லாபம் அவனுடையது, ஆனால் ஆள் அவனுடையது இல்லை. சட்டத்தில் இருந்த இந்தப் பெரிய ஓட்டையை அடைக்கத்தான் 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதில் தொழிலாளி என்பதற்கு எழுதிய விளக்கத்தில், முதலாளியிடமோ காண்டிராக்டரிடமோ மூலப்பொருள் வாங்கிக்கொண்டு வீட்டில் வைத்துப் பீடி சுற்றுபவரையும் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். நடுவில் எத்தனை காண்டிராக்டர் இருந்தாலும் பொறுப்பு மேலே உள்ள முதலாளிக்குப் போகும்படி 'முதன்மை முதலாளி' என்று ஒருவரை வைத்தார்கள். மூலப்பொருள் கொடுப்பதிலும் பீடியைக் கழிப்பதிலும் வருகிற தகராறைத் தீர்க்கவும் அதில் இடம் இருந்தது. இலை காணாத பிரச்சினை டில்லி வரை போயிருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். கம்பெனிகள் வழக்குப் போட்டன. 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

அதற்கப்புறம் வருங்கால வைப்பு நிதி. வீட்டில் சுற்றுகிறவளுக்கு எதற்குப் பி.எஃப்., அவள் எங்கள் கண்காணிப்பில் இல்லையே என்று கம்பெனிகள் வாதாடின. 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பதிலைச் சட்டம் படித்த நண்பர் ஒருவர் எனக்கு விளக்கினார். சரியில்லை என்று பீடியைக் கழிக்கிற உரிமை உங்களிடம் இருக்கிறதே, அதுவே கண்காணிப்புதானே என்று கேட்டதாம் நீதிமன்றம். கடையில் கட்டைப் பிரித்துத் தூக்கி எறிந்தார்களே, அந்தக் கை வைத்த இடத்திலேயே பி.எஃப். வந்து சேர்ந்தது.

இப்படித்தான் பாஸ்புக்கும் அடையாள அட்டையும் உண்டாயின. என்றைக்கு எவ்வளவு இலை, எத்தனை பீடி, என்ன கூலி என்று அதில் இருக்கும். கூடவே எந்தக் கம்பெனி என்று இருக்கும். ஆசிரியனாக இருந்த எனக்கு அந்த அட்டையின் அருமை வருடத்துக்கு ஒரு முறை தெரியும். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகை விண்ணப்பம் வரும்போது, தாயார் அட்டை நம்பரை எழுத வேண்டும். சேலை முந்தியில் முடிந்து கொண்டு வருவார்கள். "சார்வாள், நம்பரு அழிஞ்ச மாதிரி இருக்கு, தெரியுதா பாருங்க" என்று முடிச்சை அவிழ்ப்பார்கள். அட்டை இல்லாதவர்களும் வருவார்கள். மாமியார் அட்டையில் மருமகள் சுற்றுவாள், அக்கா அட்டையில் தங்கச்சி சுற்றுவாள். ஒரு அட்டையில் இரண்டு பேர் உழைத்தால் கம்பெனிக்குப் பி.எஃப். ஒரு ஆளுக்குத்தான். அந்த விண்ணப்பத்தை நான் என்ன செய்ய முடியும்? நம்பர் இல்லாமல் அனுப்பினால் திரும்பி வரும். ஒரே தெருவில், ஒரே வேலை செய்கிற இரண்டு தாய்மார். ஒருத்தி பிள்ளைக்கு உதவித்தொகை, இன்னொருத்தி பிள்ளைக்கு இல்லை. அந்த ஒரு அட்டை எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போதுதான் புரியும்.

சட்டத்தில் குறை இல்லாமல் இல்லை. குழந்தைகளைத் தொழிற்கூடத்தில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்லும். ஆனால் குடியிருக்கும் வீடு தொழிற்கூடம் என்ற கணக்கில் வராது. முனை மடக்கிய பிள்ளைகளை அது காப்பாற்றவில்லை. சட்டம் வந்ததால் வேலையே போகும் என்ற பயத்தையும் சும்மா தள்ள முடியாது. கண்ணூரில் 1968இல் அதுதான் நடந்தது. கேரளம் சட்டத்தை அமல்படுத்தப் போகிறது என்றதும் பெரிய கம்பெனி அங்கே கடையைக் கட்டிவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் நின்றார்கள். அடுத்த வருடம் அரசு உதவியோடு தினேஷ் பீடி கூட்டுறவு பிறந்தது. பீடிக்கு மவுசு குறைந்தபோது அவர்கள் குடை, மசாலாப் பொடி, தேங்காய்ப்பால், துணி என்று மாறினார்கள். நம் பக்கத்தில் அப்படி ஒன்று உருவாகவில்லை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கடை வைத்திருந்தவர்களும் தொழிலாளி வீட்டுக்காரர்களும் ஒரே தெருவில் சொந்தபந்தமாக இருந்ததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பீடிக்கு 28 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பரில் அதை 18 ஆகக் குறைக்க முடிவு செய்தார்கள். வரி கூடியது குறைந்தது என்று எல்லாரும் பேசினோம். பீடிக்கு என்று தனியாக வசூலித்து இந்தத் தொழிலாளர் நலனுக்கே செலவழிக்க ஏற்பட்டிருந்த தீர்வை 2017இலேயே போய்விட்டதைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. 1966ஆம் வருடச் சட்டமும் இப்போது தனியாக இல்லை. 2020இன் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைத்துவிட்டார்கள்.

இப்போது தெருவில் என்ன நடக்கிறது? வயதான பெண்கள் இன்னும் சுற்றுகிறார்கள். இளம் பெண்கள் தட்டைத் தொடுவதில்லை. சந்தோஷம்தான், நெஞ்சுக்கும் முதுகுக்கும் நல்லது. ஆனால் வீட்டு வேலை நிற்கவில்லை. நைட்டிக்குக் கொக்கி தைக்கிறார்கள், ரெடிமேட் துணியில் பிசிறு நூல் வெட்டுகிறார்கள், பூக் கட்டுகிறார்கள். என்னிடம் படித்த ஒரு பெண் பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள். எந்தக் கம்பெனி சரக்கும்மா என்று கேட்டேன். "தெரியாது சார்வாள். ஒரு பையன் பைக்ல வந்து மூட்டையப் போட்டுட்டுப் போவான், ரெண்டு நாள் கழிச்சு வந்து எடுத்துக்கிடுவான்" என்றாள். கூலி பாக்கி வைத்தால் யாரிடம் கேட்பாய் என்றேன். அவனுடைய போன் நம்பர் இருக்கிறது என்றாள்.

இவர்களுக்கும் சலுகை உண்டு என்பார்கள். தையல் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது, இ-ஷ்ரம் அட்டை இருக்கிறது. இருக்கட்டும், நல்லதுதான், பதிந்துகொள்ளச் சொல்லி நானே நாலு பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த அட்டை அவளை அரசாங்கத்தோடு சேர்க்கிறதே தவிர, யாருக்காக நூல் வெட்டுகிறாளோ அந்த முதலாளியோடு சேர்ப்பதில்லை. 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் வீட்டில் இருந்து வேலை செய்பவர் என்று தனியாகவே ஒரு விளக்கம் இருக்கிறது. ஆனால் அமைப்புசாராத் தொழிலாளர் என்ற பெரிய கூடையில் போட்டிருக்கிறார்கள். முதலாளியின் பங்கு என்று அவள் கணக்கில் ஒரு பைசா ஏறாது. வீட்டு வேலைக்கான சர்வதேச ஒப்பந்தம் 1996இலேயே வந்துவிட்டது. இந்தியா இன்னும் கையெழுத்துப் போட்டு ஏற்கவில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு மூட்டை அனுப்புகிறவர், அது எந்தச் சரக்கானாலும், ஒரு புத்தகம் கொடுக்க வேண்டும். அதில் சரக்கின் அளவு, கூலி, தேதி, மேலே உள்ள முதலாளியின் பெயர் நாலும் இருக்க வேண்டும். பீடிக்கு அறுபது வருடத்துக்கு முன்னால் முடிந்த காரியம். நம் மாநிலம் மட்டும் போட்டால் மூட்டை பக்கத்து மாநிலத்துக்குப் போகும், கண்ணூரில் பார்த்தோம். அதனால் நாடு முழுக்கப் போட வேண்டும். பைக்கில் வருகிற பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனும் மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன்தான்.

கடைசியாக, இதைப் படிப்பவர்கள் வீட்டில் பீடி சுற்றிய அம்மாவோ ஆச்சியோ இருந்தால் ஒரு வார்த்தை. பழைய பாஸ்புக்கைக் கடையில் திருப்பிக் கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் வேண்டுமானால் எடுத்துக் கொடுங்கள். பத்து வருடம் சர்வீஸ் இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. குறைந்தது மாதம் 1000 ரூபாய். கடை மூடி வேறு பெயரில் திறந்த காலங்களில் சர்வீஸ் விட்டுப் போயிருக்கும், அதைச் சேர்க்கக் கேளுங்கள். ஆதாரில் ஒரு மாதிரியும் பி.எஃப். கணக்கில் ஒரு மாதிரியும் பெயர் இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள். பேச்சியம்மாள் என்பதைப் பேச்சி என்று அந்தக் காலத்தில் கணக்கப்பிள்ளை சுருக்கி எழுதியிருப்பார். முந்தியில் முடிந்து வைத்த அட்டையானால் நம்பர் அழியும் முன்னால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.