துலங்காததா, துலக்காததா?

இந்த வாரம் மனதை உறுத்தியது ஒரு வினைச்சொல். பழைய கொலை வழக்குகளைத் தூசி தட்டி எடுத்து, நடுங்கும் குரலிலும் இருட்டுப் பின்னணியிலும் சொல்கிற காணொளிகள் பெருகிவிட்டன. பெரும்பாலானவற்றின் தலைப்பு ஒன்றுதான்: இத்தனை ஆண்டுகளாகத் துப்பு துலங்காத மர்மம். நாளிதழ்களும் காலங்காலமாக இதே தொடரைத்தான் அச்சிடுகின்றன. துலங்குவது தன்வினை, துலக்குவது பிறவினை. பித்தளைக் குடம் தானாகத் துலங்குவதில்லை. யாரோ ஒருவர் புளி போட்டுத் துலக்க வேண்டும். துப்பும் அப்படித்தான். 'துப்பு துலங்கவில்லை' என்று எழுதும்போது பழி முழுவதும் துப்பின் தலையில் விழுகிறது. துலக்கக் கடமைப்பட்டவர் வாக்கியத்திலிருந்தே நழுவிவிடுகிறார். 'மர்மம்' என்ற சொல் மிச்சத்தையும் மூடிவிடுகிறது. இறந்தவரின் அண்ணனும் அக்காவும் அம்மாவும் இந்தக் காணொளிகளில் அழுவதற்கு மட்டும் வருகிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளும் கொடுத்த மனுக்களும் ஏறி இறங்கிய படிகளும் வருவதே இல்லை.

காணொளிகளை இத்தோடு விடுகிறேன். அவை மறைப்பதை முழுதாகக் காட்டும் ஒரு புத்தகம் இருக்கிறது. இந்த இடம் அதற்குத்தான் சேர வேண்டும். மெக்ஸிகோவின் கிரிஸ்டினா ரிவேரா கார்சா தன் தங்கை லிலியானாவைப் பற்றி எழுதிய நூல் அது. ஸ்பானிய மொழியில் 2021இல் வந்தது. ஆங்கில வடிவத்தையும் அவரே எழுதி 2023இல் வெளியிட்டார். நினைவுக்குறிப்பு நூலுக்கான புலிட்சர் பரிசு 2024இல் அதற்குக் கிடைத்தது. லிலியானா கட்டடக்கலை மாணவி. மெக்ஸிகோ நகரின் அஸ்கபோட்சால்கோ பகுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தவர், 1990 ஜூலை 16 அன்று தன் அறையிலேயே கொல்லப்பட்டார். வயது இருபது. இதில் மர்மம் என்று சொல்ல எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை. விட்டு விலக முயன்ற பெண்ணை விடாமல் துரத்திய முன்னாள் காதலன்மேல் அப்போதே சந்தேகம் இருந்தது; அவனைப் பிடிக்க ஆணையும் பிறந்தது. அவன் ஓடிப்போனான், ஆணை காகிதத்தில் தங்கியது. இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2019 அக்டோபரில், அக்கா அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போய் வழக்குக் கோப்பைக் கேட்கிறார். இவ்வளவு பழைய கோப்பு இருக்குமா என்பதே உறுதியில்லை என்கிறார்கள். புத்தகம் அங்கேதான் தொடங்குகிறது.

அதற்குப் பிறகு அவர் செய்வதைத் துப்பறிதல் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. பெற்றோர் வீட்டில் முப்பது ஆண்டுகளாகத் திறக்கப்படாமல் இருந்த தங்கையின் பெட்டிகளைத் திறக்கிறார். கடிதங்கள், குறிப்பேடுகள், மடித்து வைத்த துண்டுச் சீட்டுகள் என ஒவ்வொன்றையும் ஆவணக் காப்பாளருக்குரிய பொறுமையோடு வரிசைப்படுத்துகிறார். உடன் படித்தவர்களைத் தேடிப் பிடித்துச் சாட்சியம் வாங்குகிறார். அந்தக் காலச் செய்தித்தாள்களின் குற்றச் செய்திகளையும் தோண்டி எடுக்கிறார். 1990இல் இத்தகைய கொலைக்குச் செய்தித்தாள் வைத்திருந்த பெயர் 'காதல் வெறியில் நடந்த குற்றம்'. பெண் என்பதற்காகவே நடக்கும் கொலையைத் தனிக் குற்றமாக மெக்ஸிகோவின் கூட்டாட்சித் தண்டனைச் சட்டம் சேர்த்துக்கொண்டது 2012இல்தான். பெயரில்லாத குற்றத்தை யாரும் தேடுவதில்லை என்பது இந்த நூலின் அடிநாதம். நூல் வெளியான பிறகு, தெரிந்தவர்கள் தகவல் தரட்டும் என்று ஒரு மின்னஞ்சல் முகவரியையும் அவர் திறந்து வைத்தார். சந்தேகிக்கப்பட்டவன் கலிபோர்னியாவில் வேறு பெயரில் வாழ்ந்து 2020இல் இறந்துவிட்டான் என்ற தகவல் அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஓர் அரசு முப்பது ஆண்டுகளில் எட்டாத இடத்துக்கு ஒரு புத்தகம் போய்ச் சேர்ந்தது. ஆனால் நேரம் கடந்துவிட்டது.

அரசு ஆவண அறைகளைப் பற்றி நான் எழுதித் தீர்த்தவற்றை இந்தப் பத்தியின் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கரையான், கசியும் கூரை, 'கோப்பு கிடைக்கவில்லை' என்ற ஒற்றை வரிப் பதில். நில ஆவணம் தொலைந்தால் ஒரு குடும்பத்தின் நிலம் போகிறது. கொலைக் கோப்பு தொலைந்தால் இறந்தவர் இரண்டாம் முறை தொலைகிறார். இது ஏழை நாடுகளின் நோய் என்று நினைக்க வேண்டாம். தனியார் துப்பறிவாளரான டேனியல் மார்கன் 1987 மார்ச் 10 அன்று தென்கிழக்கு லண்டனில் ஒரு மதுக்கூடத்தின் வாகன நிறுத்தத்தில் கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டார். அண்ணன் அலஸ்டெர் அன்றிலிருந்து ஓயவில்லை. விசாரணைமேல் விசாரணை நடந்தும் கொலைக்காக ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. அரசு 2013இல் அமைத்த சுயேச்சைக் குழு 2021இல் அறிக்கை தந்தது. கொலை நடந்த இடம் முறையாகக் காவல் காக்கப்படவில்லை என்றது; தன் நற்பெயருக்காகத் தவறுகளை மூடி மறைத்த லண்டன் மாநகரக் காவல்துறையின் போக்கை 'நிறுவன ஊழல்' என்றே பெயரிட்டது. இதற்குப் பிறகும், 2023இல், அந்தக் குழுவிடம் கொடுத்திருக்க வேண்டிய ஆவணங்கள் காவல்துறைத் தலைமையகத்தின் பூட்டிய அலமாரி ஒன்றிலிருந்து வெளிவந்தன. துப்பு துலங்காத வழக்கு என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றே. கொலையுண்டவரின் குடும்பத்துக்குக் கோப்பைப் பார்க்கும் உரிமை வேண்டும். இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை புதிய கண்கள் அதைப் படிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையும் வேண்டும். இதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம் வலுவானது: துக்கத்தில் இருப்பவர் நடுநிலையோடு இருக்க மாட்டார், நிரபராதியைக் குற்றவாளி ஆக்கிவிடுவார். உண்மைதான். லாஸ் ஏஞ்சலஸில் கொலை வழக்குகளை விசாரித்து ஓய்வுபெற்ற ஸ்டீவ் ஹோடெல், 1947இல் கொல்லப்பட்ட எலிசபெத் ஷார்ட்டின் கொலையாளி தன் தந்தையே என்று 2003இல் ஒரு புத்தகமே எழுதினார். தந்தை உயிரோடு இல்லை; குற்றச்சாட்டு இன்றுவரை நிரூபணமாகவில்லை. தேர்ந்த விசாரணையாளரையே சொந்தக் குடும்பக் கதை இழுத்துப் போகும் என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்? ஆனால் குடும்பத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை யாரும் கேட்கவில்லை. கேட்பது கேள்வி கேட்கும் உரிமை. கோப்பு மூடிக் கிடக்கிற இடத்தில்தான் ஊகம் வளர்கிறது.

இரண்டாவது வாதம், அறிவியல் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பது. கலிபோர்னியாவில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தொடர் கொலைகள் செய்தவரை 2018இல் மரபணு வழியாகப் பிடித்த பிறகு இந்த நம்பிக்கை பெருகிவிட்டது. மேகி நெல்சன் தன் சித்தி ஜேனின் கொலையைப் பற்றி எழுதிய நூல்களின் பின்னணியை இங்கே நினைவூட்ட வேண்டும். மிச்சிகனில் 1969இல் நடந்த அந்தக் கொலையில் மரபணுச் சோதனையின் பேரில் ஒருவர் 2005இல் தண்டிக்கப்பட்டார். அதே சோதனை, சடலத்தின் கையில் இருந்த ரத்தத்துளி இன்னொருவருடையது என்றும் காட்டியது. கொலை நடந்தபோது அவருக்கு வயது நான்கு! இரண்டு முடிவும் ஒரே ஆய்வகத்திலிருந்து வந்தவை. மரபணுவையும் ஒரு மனிதர்தான் சேகரிக்கிறார், உறையிட்டு அலமாரியில் வைக்கிறார். தடயம் பத்திரமாக இருந்ததா என்று கேட்க ஆள் இல்லாவிட்டால் அறிவியலும் தடுமாறும்.

மூன்றாவது, புதிய வழக்குகளுக்கே ஆள் போதவில்லை, பழையதை யார் பார்ப்பது என்பது. அமெரிக்கா 2022இல் இயற்றிய சட்டம் இதற்கு ஒரு நடைமுறை விடை தருகிறது. கூட்டாட்சி அமைப்புகள் விசாரித்துக் கைவிட்ட கொலை வழக்கில், மூன்றாண்டுகள் கடந்தபின் நெருங்கிய உறவினர் மறுபரிசீலனை கேட்கலாம். முன்பு விசாரிக்காத ஒருவர் கோப்பைப் படித்து முடிவு சொல்ல வேண்டும். எல்லாக் கோப்பையும் அல்ல, யாரோ ஒருவர் இன்னும் காத்திருக்கும் கோப்பை. இந்தச் சுமையைக்கூடத் தாங்க முடியாத காவல்துறை எது?

நம் நாட்டுக்கும் இது அந்நியமான செய்தி அல்ல. கோட்டயத்தில் 1992இல் இறந்த கன்னியாஸ்திரி அபயாவின் மரணத்தைத் தற்கொலை என்று காவல்துறை முடித்து வைத்தது. சிபிஐ மீண்டும் மீண்டும் வழக்கை முடிக்கக் கேட்டது, நீதிமன்றம் மறுத்தது. 2020 டிசம்பரில் இருவருக்குத் தண்டனை கிடைத்தது. 2022இல் உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அபயாவின் தாயும் தந்தையும் 2016லேயே இறந்துவிட்டார்கள். நம் சட்டத்தில் இடம் இல்லாமலும் இல்லை. கொலை வழக்குக்குக் காலவரம்பு கிடையாது. வழக்கை முடிக்கச் சொல்லும் அறிக்கையை ஏற்கும் முன் புகார் கொடுத்தவரைக் கேட்டாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லிவிட்டது. தொண்ணூறு நாளுக்குள் விசாரணையின் நிலையைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டம். 'விசாரணை நடக்கிறது' என்று சொல்லி மட்டும் தகவலை மறுக்க முடியாது, தந்தால் விசாரணை எப்படிக் கெடும் என்று காட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. தொண்ணூறு நாளுக்குச் சட்டம் வழி செய்கிறது. ஒன்பது ஆண்டு கழித்து ஒரு தாய் வந்து நின்றால் யார் பதில் சொல்வது என்பதற்குத்தான் வழி இல்லை. அதை எழுதிச் சேர்க்க வேண்டும்.

இதைப் படிப்பவர்களில் யாருடைய வீட்டிலாவது அப்படி ஒரு வழக்கு கிடக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல், நீதிமன்ற அறிவிப்பு, இறந்தவர் எழுதிய கடிதம், பழைய நாட்குறிப்பு எதையும் தூக்கிப் போடாதீர்கள். வழக்கை முடிக்கிறோம் என்று அறிவிப்பு வந்தால், ஆட்சேப மனு கொடுங்கள். லிலியானாவின் பெட்டிகள் முப்பது ஆண்டுகள் காத்திருந்தன; அவற்றை யாரும் எறியாததால்தான் அவர் கதை நமக்குக் கிடைத்தது.