நீர்மேல் எழுத்தை வாசித்தல்

மீன்பிடிப்பைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு எவ்விதத் தகுதியும் இல்லை. இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் செய்யுள் நடத்துகிறவன் நான். தூண்டிற்கோலைக் கையில் பிடித்ததே சென்ற அக்டோபரில்தான். அதுவும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், தங்கையின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, லேனியர் ஏரியில். ஆயினும் அங்கே இரண்டு விடியற்காலைகளில் கண்டவற்றையும், அவற்றை ஒட்டி அந்நாட்டுத் தூண்டிற்காரர்களிடையே நடந்துவரும் ஒரு வழக்கையும் பற்றிச் சொல்ல எனக்குச் சில உண்டு. அந்த வழக்கு, அடிப்படையில், வாசிப்பைப் பற்றியது.

லேனியர் இயற்கை ஏரி அன்று. சட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே 1950களில் எழுப்பப்பட்ட பியூஃபர்ட் அணையின் நீர்த்தேக்கம். சுமார் 38,000 ஏக்கர் பரப்பு. நீருக்கடியில் மூழ்கிய மேடுகளும் பழைய ஓடைப் பள்ளங்களும் கிடக்கின்றன. இவ்வளவு பெரிய நீரில், புள்ளி பாஸ் என்றும் பெருவாய் பாஸ் என்றும் அவர்கள் அழைக்கும் வேட்டைமீன்களை எங்கே போய்த் தேடுவது? முதல்நாள் படகில் நான் இதைத்தான் கேட்டேன். தங்கையின் கணவர் சிரித்தார். "பாஸைத் தேடாதீங்க மச்சான். அது திங்கிற மீனைத் தேடுங்க. அது இருந்தா இதுவும் பக்கத்துல இருக்கும்."

அது தின்னும் மீன்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று ஷாட், மற்றொன்று நீலமுதுகு ஹெர்ரிங். இரண்டும் நம் சாளைக்குத் தூரத்து உறவினர். வெள்ளி நிறத்தில், விரலளவு முதல் கையளவு வரை, கூட்டமாகத் திரிபவை. இவை நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்கின்றன. காற்று ஒரு கரையை நோக்கித் தொடர்ந்து வீசினால் நுண்ணுயிர்கள் அக்கரையில் ஒதுங்கும்; அவற்றின் பின்னே இரைமீன்; அதன் பின்னே பாஸ். ஆகவே, காற்று வீசும் திசையை அறிந்தவன் பாதி ஏரியைத் தேடலிலிருந்து கழித்துவிடுகிறான்.

பருவமும் இவ்வாறே பேசுகிறது. வசந்தத்தில் ஷாட் மீன்கள் முட்டையிடுவதற்காகக் கருங்கற் கரைகளையும் படகுத்துறைகளையும் விடியலில் உரசி நீந்தும். வெயில் ஏறியதும் கலைந்துவிடும். கோடையில் ஆழத்துக்கு இறங்கும். இலையுதிர் காலத்தில் ஓடைகளின் உட்பகுதிக்கு ஏறும். குளிர்காலத்தில் நீர் மிகவும் குளிர்ந்துபோனால் நூல்துடுப்பு ஷாட் துடித்துத் துடித்துச் சாகும். அப்போது தூண்டிற்காரரும் தம் செயற்கை இரையை அதேபோல் தயங்கித் தயங்கி இழுக்கின்றனர்.

அன்று காலை கண்ணாடி போன்ற நீரில், தூறல் விழுவதுபோல் ஓரிடத்தில் சிறு சிறு வட்டங்கள் தோன்றின. வானில் மேகமே இல்லை. "இரைமீன்" என்றார் மாப்பிள்ளை. நான் கோலை உயர்த்தினேன், தடுத்துவிட்டார். அவை நிம்மதியாக மேய்கின்றனவாம். அஞ்சவில்லை என்றால் அருகே வேட்டையாடும் மீன் இல்லை என்று பொருளாம். காத்திருந்தோம். கரையோரம் ஒரு பெரிய நாரை அசையாமல் நின்றது. கால்மணி நேரம் கழிந்திருக்கும். வட்டங்கள் சட்டென நின்றன. நீரின் மேற்பரப்பு ஒருவித நடுக்கம் கொண்டது. மறுகணம், கைப்பிடி வெள்ளிக்காசை எவரோ உள்ளிருந்து வீசியதுபோல் மீன்கள் சிதறிப் பாய்ந்தன. "இப்போ. நடுவுல வேண்டாம், ஓரத்துல போடுங்க." கூட்டத்தின் நடுவே விழும் இரை ஆயிரத்தில் ஒன்றாகி மறைந்துபோகும், கூட்டத்தினின்று பிரிந்து நொண்டும் ஒன்றையே பாஸ் முதலில் கவ்வும்.

நான் வீசியது வேறெங்கோ விழுந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கால்மணி நேரம் எனக்கு மிகவும் பழக்கமான ஒன்றாக இருந்தது. கூறப்பட்ட நிலக்காட்சியைக் கொண்டு கூறப்படாத ஒன்றை உணர்வதைத் தொல்காப்பியர் உள்ளுறை என்றார். பாஸ் கடைசிவரை கண்ணுக்குத் தெரியவே இல்லை. தெரிந்தவை காற்று, நாரை, வட்டங்கள், வட்டங்கள் நின்ற கணம் ஆகியவையே.

மறுநாள் மருமகனும் வந்தான். பதினைந்து வயது. அவனுடைய கோலருகே ஒரு திரை. முன்னோக்கு சோனார் என்கிறார்கள். படகுக்கு முன்னே பல அடி தூரம் வரை நீருக்குள் நடப்பதை ஒலியலையால் அறிந்து அப்போதைக்கப்போதே படமாகக் காட்டுகிறது. மீன் கூட்டம் தெரிகிறது. அதன் கீழே பதுங்கும் பாஸ் தெரிகிறது. தான் வீசிய இரையை நோக்கி அது வருவதும், முகர்ந்துவிட்டுத் திரும்புவதும் தெரிகின்றன. அவன் நாரையைப் பார்க்கவில்லை, வானத்தையும் பார்க்கவில்லை. அன்று அவன் ஏழு மீன் பிடித்தான். நாங்கள் இருவருமாகச் சேர்ந்து இரண்டு.

இந்தக் கணக்கை மறைத்துவிட்டு வாதிடுவது நேர்மையாகாது. கருவி பயன் தருகிறது. மிகுதியாகவே தருகிறது. கார்மின் நிறுவனத்தின் லைவ்ஸ்கோப் 2018இல் வந்தபின் போட்டிகளின் முகமே மாறிற்று. அதனாலேயே 2025 பருவத்தில் ஒரு தொழில்முறைப் போட்டி அமைப்பு முன்னோக்கு சோனாரை முற்றிலும் விலக்கியது. மற்றொன்று நாளின் மூன்று பகுதிகளுள் ஒன்றில் மட்டும் அனுமதித்தது. இளையோர் இதை முதியோரின் பொறாமை என்கின்றனர்.

அவர்களுடைய வாதம் எளிதில் தள்ளத்தக்கது அன்று. லோரன்ஸ் குடும்பத்தினர் மீன்தேடும் சோனார் பெட்டியை 1950களின் இறுதியில் கொண்டுவந்தபோதும் இதே முணுமுணுப்பு எழுந்திருக்கும். அதை ஏற்றவர்கள் இதை மறுப்பது ஏன்?

வேறுபாடு உண்டு என்றே நினைக்கிறேன். பழைய பெட்டி படகின் அடியில் கடந்துபோனதை ஒளிமினுக்கங்களாகக் காட்டியது. அந்த மினுக்கம் மீனா, மரக்கிளையா, மீன் எனில் எப்பக்கம் போகிறது என்பதைத் தூண்டிற்காரனே ஊகிக்க வேண்டும். அது அகராதி. சொல்லுக்குப் பொருள் தரும். செய்யுளை நாம்தான் படிக்க வேண்டும். புதிய திரையோ பொழிப்புரை. அதைப் படித்தவனுக்குச் செய்யுள் தேவைப்படுவதில்லை. என் மாணவர்களில் பெரும்பாலோர் தேர்வுக்கு அப்படித்தான் படிக்கின்றனர், மதிப்பெண்ணும் பெறுகின்றனர். அவர்களிடம் ஒரு புதிய பாட்டைக் கொடுத்துப் பாருங்கள், கரையில் நிற்பார்கள்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. திறந்த ஆழ்நீரில் இரைமீனைத் தொடர்ந்து திரியும் பாஸைக் கண்டுபிடிப்பது அரிது என்பதே அதற்கு ஓர் அரணாக இருந்தது. அந்த அரண் இப்போது இல்லை. பிடித்ததை உயிருடன் திரும்ப விடும் வழக்கத்தை ரே ஸ்காட் 1972இல் தம் போட்டிகளில் புகுத்தினார், நல்ல வழக்கம். ஆனால் ஆழத்திலிருந்து விரைந்து இழுக்கப்படும் மீனின் காற்றுப்பை உப்பிவிடும். விடுவித்த பின்னும் சில மீன்கள் உள்ளிறங்க இயலாமல் மேலே மிதக்கும். கையிலிருந்து நழுவவிட்டதாலேயே உயிர்கொடுத்துவிட்டோம் என்று நம்ப முடியாது.

கருவியைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏரிக்கு வரும் கூலித்தொழிலாளி ஒருவர் இரண்டு மீன் அதிகம் பிடித்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் போட்டி என்பது ஒரு திறனை மதிப்பிடுவது. எத்திறனை மதிப்பிடுகிறோம் என்று அமைப்புகள் கேட்டுக்கொள்வது சரியே. அவற்றின் கட்டுப்பாட்டை நான் ஆதரிக்கிறேன். கற்கிறவனைப் பொறுத்தவரை வரிசைதான் முக்கியம். முதலில் நீர், பிறகு திரை. நீரைப் படிக்கத் தெரிந்தவன் கையில் திரை இன்னும் ஒரு கண். தெரியாதவனுக்கு அது ஒன்றே கண். மின்கலம் தீர்ந்தால் குருடு.

மருமகனிடம் இதைச் சொன்னேன். "ஆனா மாமா, நான் ஏழு பிடிச்சேனே" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஊர் திரும்பியதிலிருந்து வகுப்பில் ஒன்றைச் செய்துவருகிறேன். புதிய பாட்டைக் கொடுத்து, முதல் மணிநேரம் உரையைத் தருவதில்லை. என்ன மரம், என்ன பறவை, யார் பேசுகிறார், எது சொல்லப்படாமல் நிற்கிறது என்று மட்டும் கேட்கிறேன். பலர் சலித்துக்கொள்கின்றனர். தேர்வுக்கு இது உதவுமா என்று ஒரு மாணவி நேராகவே கேட்டாள். உதவாமலும் போகலாம் என்றேன். சென்ற வாரம் அவள்தான், ஒரு பாட்டில் நாரை ஏன் அவ்வளவு நேரம் அசையாமல் நிற்கிறது என்று கேட்டாள்.