தரைப்பாலத்துக்கு ஓர் அளவுகல்

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் பிக்கப் வண்டியை அதன்மேல் ஓட்டிப்போய், பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிக்கிறார்கள். கேட்டாலே நமக்கு நெஞ்சு பதறும். ஆனால் அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. துளையிட்டு அளக்கிறார்கள்: ஆள் நடக்க 4 அங்குலம், பிக்கப்புக்கு ஓர் அடிக்கு மேல். அப்படியும் வண்டிகள் மூழ்கத்தான் செய்கின்றன.

ஜெயமங்கலத்தில் நமக்கு வாய்த்தது உறையாத வராகநதி. கொடைக்கானல் மலையில் மழை கொட்டி, சோத்துப்பாறை அணை 126.28 அடி நிரம்பி மறுகால் பாய்ந்தால், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே செந்தண்ணி வந்துவிடும். “முழங்கால் தண்ணிதான், போயிரலாம்” என்று தண்ணீர் ஏறிய தரைப்பாலத்தில் பைக்கை முறுக்குகிறார்கள். பின்னால் பிள்ளை உட்கார்ந்திருக்கும். ஓடும் தண்ணீர் ஓர் அடி இருந்தாலே சிறு காரைத் தூக்கிவிடும். இரண்டடி, பெரும்பாலான வண்டிகளை இழுத்துப்போகும். கலங்கலுக்கு அடியில் பாலம் அரித்துக் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இப்படிக் கடப்பதை வீரம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு தரைப்பாலத்திலும் அடிக்கணக்கு எழுதிய கல்லை நடுங்கள். தண்ணீர் ஏறியதும் சங்கிலி போட்டு அடையுங்கள். வரும் ஐப்பசி மழைக்கு முன்பே.