ஊரவர் உடைமையாக மின்னுற்பத்தி: நானாட்டான் சங்கங்களின் கோரிக்கை மனு

பெறுநர்:
மாவட்டச் செயலாளர், மன்னார்
பிரதேச செயலாளர், நானாட்டான்
தலைவர், இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை

அனுப்புநர்:
நானாட்டான் பிரதேசக் கமக்காரர் அமைப்புகள், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள்

விடயம்: சூரிய, காற்று மின் திட்டங்களில் ஊர்ச் சங்கங்களுக்கு உரித்துப் பங்கு கோருதல்

ஐயா / அம்மணி,

நானாட்டான் பிரதேசத்தில் இனி அமையும் எந்தச் சூரிய, காற்று மின் திட்டத்திலும் இங்குள்ள கூட்டுறவுச் சங்கங்கள் உரித்தாளர்களாக இருக்க வேண்டும். சிறு திட்டங்களை முழுமையாக நடத்தவும், பெருந்திட்டங்களில் பங்கு கொள்ளவும் எமக்கு வழி திறந்துவிடுமாறு கேட்டே இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளுடன் 103.5 மெகாவாட் திறன் கொண்ட தம்பபவனி 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டது. அது இலங்கை மின்சார சபையின் சொத்தாகவே அமைக்கப்பட்டது. அதன் பின் மன்னாரில் 250 மெகாவாட் காற்றாலைகளை நிறுவ வந்த அதானி நிறுவனம் விலை, வழக்கு, சுற்றாடல் ஆகிய சிக்கல்களுக்கு நடுவே 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கு எதிராகத் தீவு மக்கள் வீதியில் இறங்கினார்கள். வேலைகளை ஒரு மாதம் நிறுத்தும்படி ஜனாதிபதி பணித்தார். செப்டெம்பரில் வேலை மீண்டும் தொடங்கியதும் பொலிஸாருடன் மோதல் மூண்டு, மாவட்டமே கடையடைத்தது. மழை வெள்ளம் வடியவில்லை, கரைவலைக்கு மீன் வரவில்லை, பறவைகள் சாகின்றன என்று மக்கள் சொன்ன குறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஆராயப்பட வேண்டியவை. அவற்றின் அடியில் இன்னொன்றும் கிடந்தது. அந்தக் காற்றிலிருந்து வரும் வருமானத்தில் தீவு மக்களுக்கு ஒரு சதம்கூடச் சொந்தமில்லை.

சமூகப் பொறுப்பு நிதி என்று ஒன்று தரப்படும் என்பார்கள். பாடசாலைச் சுவருக்கு வர்ணம், விளையாட்டு மைதானத்துக்கு வேலி, திறப்பு விழாவுக்கு ஒரு பெயர்ப் பலகை. கொடுப்பவர் விரும்பினால் வரும். விரும்பாவிட்டால் கேட்க எமக்கு உரிமையில்லை. பங்காளருக்கோ கணக்குப் பார்க்கும் உரிமை இருக்கிறது. உள்ளூர் ஆதரவு தேவை என்று அதிகாரிகள் கூட்டங்களில் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். எமது சங்கங்களின் பெயர் உரித்துப் பத்திரத்தில் ஏறினால் ஆதரவைத் தேடி எவரும் அலைய வேண்டியிராது.

இது புதிய யோசனையல்ல. இந்த நாட்டின் மலைநாட்டிலும் சப்பிரகமுவவிலும் 1990களிலிருந்து கிராமத்தவர்கள் மின் நுகர்வோர் சங்கங்களை அமைத்து, சிரமதானத்தால் வாய்க்கால் வெட்டி, சிற்றாறுகளிலிருந்து மின் எடுத்தார்கள். மாதாந்தக் கட்டணத்தைத் தாங்களே தீர்மானித்து, இயந்திரத்தைப் பார்க்க ஊரிலேயே ஒருவரை வைத்துக்கொண்டார்கள். உலக வங்கியின் கடன் திட்டங்களால் அவை நூற்றுக்கணக்கில் பெருகின. பின்னர் தேசிய மின்கம்பி அந்த ஊர்களுக்கு வந்தபோது பல சங்கங்கள் சோர்ந்து போயின. அவர்களது மின்னைத் தேசிய வலையமைப்புக்கு விற்கும் வழி உரிய காலத்தில் திறக்கப்படாததே அதற்கு முக்கிய காரணம். அதே தவறு இங்கும் நடக்கக் கூடாது.

கடலுக்கு அப்பால், கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006 இல் ஒன்றரைக் கோடி இந்திய ரூபாவுக்கும் மேல் செலவிட்டு 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. ஊராட்சியின் சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொண்டு, காற்று நன்றாக வீசும் வேறோர் இடத்தில் அதை நிறுவினார்கள். தமது தேவைக்குப் போக எஞ்சிய மின்னை மாநில மின்வாரியத்துக்கு விற்றார்கள். ஓர் ஊராட்சியால் இயன்றது நானாட்டான் பிரதேச சபையாலும் சங்கங்களாலும் இயலாததல்ல. டென்மார்க்கில் கோப்பன்ஹேகன் கரைக்கு அப்பால் 2000 ஆம் ஆண்டில் எழுந்த 20 காற்றாலைகளில் பாதி, 8,000 க்கும் மேற்பட்ட பங்காளர்களைக் கொண்ட கூட்டுறவுக்குச் சொந்தமானது.

எமது முதற் கோரிக்கை கூரைகள் பற்றியது. கூட்டுறவுக் கட்டடங்கள், நெற் களஞ்சியங்கள், பாடசாலைகள், கமநல சேவை நிலையங்கள் ஆகியவற்றின் கூரைகளைச் சங்கங்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்குத் தர வேண்டும். ஒரு கிலோவாட் சூரியத் தகடு மாதத்துக்கு ஏறத்தாழ 100 முதல் 120 அலகு தரும். 40 கிலோவாட் கூரையொன்றில் 4,000 அலகுக்குக் குறையாது. பகலில் மின் மிஞ்சிவிடுகிறது என்று 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் மின்சார சபை கூரைத் தகடுகளை நிறுத்தி வைக்கச் சொன்னதை நாம் மறக்கவில்லை. அரிசி ஆலை, வங்காலைக் கரைக்கு வேண்டிய ஐஸ், தோட்டக் கிணற்றுப் பம்ப் எல்லாமே பகல் வேலைகள்தான். மின் பிறக்கும் இடத்திலேயே அதைச் செலவழிக்க எம்மிடம் தொழில் உண்டு. எஞ்சுவதற்கு மின்கலச் சேமிப்புக்கும் கடன் தாருங்கள். எந்த மின்மாற்றியில் எவ்வளவு இடம் உண்டு என்ற பட்டியலைப் பிரதேச செயலகத்தில் ஒட்டுங்கள். “இடமில்லை” என்ற ஒற்றைச் சொல்லோடு விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இரண்டாவதாக, இப்பிரதேசத்தில் தனியாரோ அரசோ அமைக்கும் பெருந்திட்டங்களில் 20 வீதப் பங்கை முதலில் இங்குள்ள சங்கங்களுக்கு வழங்க முன்வர வேண்டும். டென்மார்க் 2008 இல் சட்டமாக்கிய அளவு அது. பின்னர் அங்கே அது மாற்றப்பட்டாலும் தொடக்கத்துக்கு எமக்கு அதுவே போதும். பங்குப் பணத்தைத் திட்ட வருமானத்திலிருந்து தவணையாகக் கழிக்கலாம். நுண்கடனால் எமது பெண்கள் பட்ட பாடு போதும். பங்கு வாங்குவதற்காக எவரும் தாலிக்கொடியை அடகு வைக்கும் நிலை வரக் கூடாது. ஆளுக்கொரு வாக்கு என்பதே சங்க விதியாக இருக்கும். நிர்வாகக் குழுவில் பாதி பெண்களாக இருப்பதை நாமே உறுதி செய்வோம்.

மூன்றாவது, நிலம். கட்டுக்கரைக் குளத்தின் நீர் பாயும் வயலிலும், குளங்களின் அலைகரையிலும், 2010 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்திலும் அதன் பறவைத் தடத்திலும் காற்றாலையோ சூரியப் பண்ணையோ அமைக்கக் கூடாது. எமக்குச் சொந்தமான திட்டத்துக்கும் இந்தத் தடை பொருந்தும். சுற்றாடல் பாதிப்பு மதிப்பீடுகளை முழுமையாகத் தமிழில் தந்து, விதைப்பும் அறுவடையும் இல்லாத நாட்களில் கிராம அலுவலர் பிரிவுதோறும் கூட்டம் வைக்க வேண்டும். வயலில் நிற்கும் கமக்காரரிடம் கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்பதில் பயனில்லை.

நான்காவது, பாசனம். சோளகக் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை இங்கே மழை மிகக் குறைவு. சிறுபோகத்துக்கு நீர் போதாது. பம்ப்புக்கு மின் மிகவும் தேவைப்படும் மாதங்களும் காற்று மிகுந்து வீசும் மாதங்களும் ஒன்றே என்பதைத் திட்டமிடும் அலுவலர்கள் கவனத்திற்கொள்ள வேண்டும். அந்த மாதங்களில் பாசனத்துக்குச் செல்லும் மின்னுக்குத் தனிக் கட்டணம் நிர்ணயிக்கும்படி இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடமும் கேட்கிறோம். பராமரிப்பு வேலைகளைக் கற்க எமது பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இடமும் வேண்டும்.

அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு முன்னர் நானாட்டான் பிரதேச செயலகத்தில் மேற்படி அலுவலர்களுடன் கலந்துரையாடல் ஒன்றை ஏற்பாடு செய்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். ஏற்க முடியாதவற்றுக்கு எந்தச் சட்டப் பிரிவு தடை என்பதையும் குறிப்பிடுங்கள். அதைத் திருத்தக் கோரும் மனுவை உரிய இடத்துக்கு அனுப்புவோம்.

இப்படிக்கு,
மேற்படி சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள்

பிரதிகள்:
ஆளுநர், வட மாகாணம்
கூட்டுறவு அபிவிருத்தி ஆணையாளர், வட மாகாணம்
இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு
தவிசாளர், நானாட்டான் பிரதேச சபை