எண்ணுக்கும் திசை உண்டு

வாரன் மேசன் தொகுத்த ‘பிசிக்கல் அக்கூஸ்டிக்ஸ்’ வரிசையின் முதல் தொகுதி 1964இல் வெளிவந்தது. டான் பெர்லின்கோர்ட், டேனியல் கரன், ஹான்ஸ் ஜாஃபே மூவரும் அதில் ஓர் அத்தியாயம் எழுதி, பிஇசட்டி-4, பிஇசட்டி-5ஏ போன்ற, அழுத்தினால் மின்னூட்டம் தரும் பீசோ செராமிக்குகளின் அளவீடுகளை அட்டவணையாகத் தந்தார்கள். அந்த வழியில் வந்த எண்களைத்தான் சோனார் வடிவமைப்பவரும் அல்ட்ராசவுண்ட் கருவி செய்பவரும் இன்றும் மென்பொருளின் பொருள் நூலகத்திலிருந்து ஒரே சொடுக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். எண்கள் பத்திரமாக வந்து சேர்கின்றன. எந்த அச்சில், எந்த நிபந்தனையில் அளந்தவை என்பது பெரும்பாலும் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

அச்சைப் பற்றிய கவலை பீசோ துறை பிறந்த நாளிலிருந்தே இருப்பது. 1880இல் பாரிஸில் ஜாக் க்யூரியும் பியர் க்யூரியும் படிகங்களை அழுத்தி மின்னூட்டம் எழுவதைக் கண்டபோது, எந்தத் திசையில் அறுத்தெடுத்த துண்டு என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்தது. கோட்டிங்கனில் வோல்டெமார் ஃபோய்க்ட் பல ஆண்டுகள் உழைத்து இதற்கு ஒரு கணிதம் அமைத்தார். 1910இல் வந்த அவரது படிக இயற்பியல் நூலில், பீசோ பண்பு மூன்று வரிசையும் ஆறு நிரலும் கொண்ட அணியாகிறது. பதினெட்டு இடங்கள். அவற்றில் எவை நிரம்பும், எவை காலியாக இருக்கும் என்பதைப் படிகத்தின் சமச்சீரே தீர்மானிக்கிறது.

செராமிக்குகள் வந்தபோது இது மிகவும் எளிதானது. பிஇசட்டி வில்லையைச் சூடான எண்ணெயில் வைத்து, மில்லிமீட்டருக்கு ஓரிரு கிலோவோல்ட் மின்புலம் கொடுத்துத் துருவப்படுத்துவார்கள். அந்தத் திசைக்கு 3 என்று பெயர். அதற்குச் செங்குத்தான எல்லாத் திசைகளும் சமம். ஆகவே மீள்மைக்கு ஐந்து, பீசோ விளைவுக்கு மூன்று, மின்காப்புக்கு இரண்டு என்று பத்தே எண்கள் போதும். தடிமன் வழியே துருவப்படுத்திய வட்ட வில்லையை அச்சுச் சமச்சீர் மாதிரியாகக் கணிக்க முடிவதற்குக் காரணம் இதுதான்: வடிவம் மட்டுமன்றிப் பொருளும் அச்சைச் சுற்றி ஒரே மாதிரி இருக்கிறது. குவார்ட்ஸுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதை எவ்வளவு துல்லியமான வட்டமாக வெட்டினாலும் அதன் பண்பு அச்சைச் சுற்றி மூன்று முறை ஏறி இறங்கும். அங்கே முப்பரிமாணக் கணக்குதான் போட வேண்டும்.

ஆலிக், ஹியூஸ் இருவரும் 1970இல் பீசோ அதிர்வுகளுக்கான வரம்புறு உறுப்பு முறையை வெளியிட்டார்கள். கணினிக்குள் போன அட்டவணை, கணினியின் வழக்கத்துக்கு இணங்க வேண்டியதாயிற்று. பீசோ தரநிலை ‘3’ என்று சொல்லும் அச்சை, பரவலாகப் புழங்கும் அன்சிஸ் மென்பொருளின் அச்சுச் சமச்சீர் மாதிரி ஒய் அச்சாக வைக்கிறது. வட்டத்தைச் சுற்றும் திசை அங்கே இசட். சறுக்குத் திரிபுகளின் வரிசையும் வேறு. தரநிலையில் 23, 13, 12. அன்சிஸில் எக்ஸ்ஒய், ஒய்இசட், எக்ஸ்இசட். அச்சுப் பெயர்களை மட்டும் மாற்றி நிரல் வரிசையை மாற்ற மறந்தவருக்கு என்ன ஆகும்? சறுக்குக்குரிய பீசோ எண், முறுக்கம் இல்லாத அச்சுச் சமச்சீரில் எப்போதும் சுழியமாகவே இருக்கும் திரிபோடு போய் ஒட்டிக்கொள்ளும். பிஇசட்டி-5ஏயின் மூன்று பீசோ மாறிலிகளில் (d) மிகப் பெரியது சறுக்குக்கானதே: நியூட்டனுக்கு 584 பிக்கோகூலும். அது கணக்கிலிருந்தே மறைந்துபோகும். எச்சரிக்கை எதுவும் வராது. வரைபடம் அழகாகவே இருக்கும்.

அச்சைவிட நுட்பமானது நிபந்தனை. பிஇசட்டி-5ஏயின் மின்காப்பு மாறிலி என்ன என்று கேட்டால் இரண்டு விடைகள் உண்டு. வில்லையைத் தடையின்றி விரியவும் சுருங்கவும் விட்டு அளந்தால் துருவ அச்சில் 1700. அசையவிடாமல் இறுக்கிப் பிடித்தால் 830. இரண்டும் சரி. தகைவையும் மின்புலத்தையும் கொண்டு எழுதும் d வடிவத்துக்கு முதல் எண். திரிபையும் மின்புலத்தையும் கொண்டு எழுதும் e வடிவத்துக்கு இரண்டாவது. 20 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட வில்லையை எடுத்துக்கொள்வோம். ஒத்ததிர்வுக்கு வெகு கீழே, தாழ்ந்த அதிர்வெண்ணில், மேசைமேல் வைத்து அளந்தால் அதன் மின்தேக்குத்திறன் 4.7 நானோஃபாரட் அளவில் இருக்க வேண்டும். e வடிவத்தில் 830க்குப் பதில் 1700ஐ இட்டால், பொருள் விரிவதால் கூடும் பங்கு அதன்மேல் இன்னொரு முறை ஏறி, மாதிரி 7 நானோஃபாரடுக்கு மேல் காட்டும். மின்சுற்று வடிவமைப்பவர் அந்த எண்ணை நம்பித்தான் தன் பெருக்கியைத் தேர்ந்தெடுப்பார்.

ஆகவே எந்த அதிர்வுக் கணக்குக்கும் முன்னால் இந்த ஒரு மின்தேக்குத்திறனைக் கணித்து, கையிலுள்ள வில்லையின் அளவோடு ஒப்பிட வேண்டும் என்பேன். மீட்டர் ஒன்றும் பத்து நிமிடமும் போதும். மாணவர்களுக்கு மென்பொருளின் பட்டன்களைக் கற்பிக்கும் முன் இதைக் கற்பிக்கலாம். மென்பொருள் நிறுவனங்களும் ஒன்று செய்யலாம்: நூலகத்தில் ஒவ்வொரு எண்ணோடும் அது அளக்கப்பட்ட நிபந்தனை, அச்சு, மூலம், ஆண்டு நான்கையும் அழிக்க முடியாதபடி பிணைத்து வைக்கலாம். செராமிக் மூப்படையும் பொருள். துருவப்படுத்திய நாளிலிருந்தே அதன் மாறிலிகள் மெல்ல நகரத் தொடங்குகின்றன. உற்பத்தித் தொகுதிக்குத் தொகுதியும் வேறுபடுகின்றன. 1964இன் அளவீட்டாளர்கள் தங்கள் மாதிரித் துண்டுகளுக்கு நேர்மையாக இருந்தார்கள். நம் கையில் இருப்பதோ வேறு துண்டு.

நீரடி ஒலிவாங்கிகளில் வரும் குழாய்களில் அச்சைப் பற்றிய கேள்வி இன்னும் கூர்மையாகும். உள்சுவரிலும் வெளிச்சுவரிலும் மின்வாய் பூசித் துருவப்படுத்திய குழாயில் 3 என்ற அச்சு ஆரத்தின் திசையில் ஓடுகிறது. நூலகம் தரும் அணியை அப்படியே இட்டால் குழாய் நெடுக்குவாட்டில் துருவமானதாகவே கணினி எண்ணிக்கொள்ளும். அச்சுகளைச் சுழற்றி இடவேண்டும். சுழற்றிய பிறகு ஆரத்தோடு மின்புலம் எழும்போது சுற்றுத் திசையிலும் நெடுக்குத் திசையிலும் சுருக்கம் வருகிறதா, ஆரத் திசையில் விரிவு வருகிறதா என்று குறிகளைச் சரிபார்ப்பது அவசியம். பிஇசட்டி-5ஏயில் சுருக்கத்துக்குரிய d31 எதிர்க்குறி, -171. விரிவுக்குரிய d33 நேர்க்குறி, 374.