ஒரே ஊசி, இரு நீதியா?



சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற முழக்கத்தை மேடைதோறும் கேட்கிறோம். அந்தச் சமத்துவம் மருத்துவமனை வாயிலில் நின்றுவிடுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது அது. உடனே ஒரு விலக்கும் தருகிறது: பதிவு பெற்ற மருத்துவர், சிகிச்சை செய்யும்போது அத்தவறு நேர்ந்தால் இரண்டு ஆண்டு வரைதான் சிறை. பதிவு பெற்ற மருத்துவர் யார்? தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்படி பட்டம் பெற்று, மருத்துவப் பதிவேட்டில் பெயர் ஏறியவர். செவிலியரின் பெயர் அந்த ஏட்டில் இல்லை. அவருக்கென உள்ளது வேறு ஏடு. ஆகவே அவர் நிற்க வேண்டிய இடம் ஐந்தாண்டு வரிசை! ஒரே நோயாளி, ஒரே ஊசி, ஒரே பிழை. போட்ட கை மருத்துவருடையதானால் ஒரு நீதி. செவிலியருடையதானால் மற்றொரு நீதி!

பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் இந்தப் பாகுபாடு இல்லை. எவராயினும் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்றே அது கூறிற்று. வெள்ளையன் வகுத்த சட்டத்தை வேரோடு களைகிறோம் என்றவர்கள், வெள்ளையன் ஏட்டிலும் இல்லாத வேற்றுமையைப் புகுத்திவிட்டனர்.

மருத்துவருக்குச் சலுகை ஏன் என்று நாம் கேட்கவில்லை. உயிர் காக்க முனையும் கை, சிறையை எண்ணி நடுங்கக் கூடாது. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சாதாரணத் தவறு குற்றமாகாது, பெருங்கவனக்குறைவே குற்றமாகும் என்றது. மருத்துவர்மீது நடவடிக்கை எடுக்குமுன் சார்பற்ற மருத்துவக் கருத்தைப் பெற வேண்டும் என்றது. நல்ல நியாயம்! அந்த நியாயம் மருத்துவரின் அருகே நின்று, அதே நோயாளிக்காக இரவெல்லாம் விழித்திருப்பவருக்கு மட்டும் கசந்துபோவானேன்?

விலக்கு வந்த வழியையும் அறிந்துகொள்ளுங்கள். இந்திய மருத்துவச் சங்கம் வேண்டிக்கொண்டதை 2023 டிசம்பர் 20 அன்று மக்களவையில் உள்துறை அமைச்சரே எடுத்துரைத்தார். கேட்டவருக்குக் கிடைத்தது. அதே 2023இல், செவிலியருக்கென ஆணையமும் பதிவேடும் வகுக்கும் சட்டத்தையும் இதே நாடாளுமன்றம் நிறைவேற்றியது. செவிலியரைக் கட்டுப்படுத்த நினைவிருந்தது. காக்க மட்டும் மறந்துவிட்டது!

"செவிலியர் தவறு செய்தால் தண்டிக்க வேண்டாமா?" என்று கேட்பர் சிலர். வேண்டும். பொறுப்பைத் தட்டிக்கழிக்கச் சொல்பவர்கள் அல்ல நாம். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பது செவிலியரின் கடமை. செய்ததைச் செய்த நேரத்தோடு எழுதி வைப்பது கடமை. நோயாளியின் மறைபொருளைக் காப்பது கடமை. உத்தரவு தவறெனத் தோன்றினால், கேட்காமல் ஊசியைத் தொடாதிருப்பதும் கடமையே. "பெரியவர் சொன்னார், செய்தேன்" என்பது அறமும் அன்று, சட்டம் ஏற்கும் சமாதானமும் அன்று. சென்னை மாகாணம் 1926இலேயே செவிலியரைப் பதிவு செய்யச் சட்டம் கண்டது. உலகச் செவிலியர் பேரவை 1953இல் நெறிமுறை வகுத்தது. இத்தொழிலுக்கு அறமும் உண்டு, ஒழுங்கும் உண்டு.

ஆனால் கடமை என்பது அதைச் செய்யும் வாய்ப்போடு வர வேண்டும். போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், ஏனைய பொது மருத்துவமனையில் ஐவருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் மன்றம் வகுத்த அளவு. உங்கள் ஊர் மருத்துவமனைக்குச் சென்று கட்டில்களை எண்ணுங்கள்; இரவுப் பணியில் இருப்போரையும் எண்ணுங்கள். அந்த அளவு ஏட்டில் இருக்கிறதா, வார்டில் இருக்கிறதா என்பது விளங்கும். ஒருவரை ஓயாது ஓடவிட்டு, அவர் கை தவறினால் "ஏன் நின்று பார்க்கவில்லை?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

1998இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். டெல்லித் தனியார் மருத்துவமனை ஒன்றில், ஊசி போடப்பட்ட குழந்தையின் மூளை மீளா வண்ணம் கெட்டது. ஊசி போட்டவர் எந்தச் செவிலியர் பதிவேட்டிலும் பெயர் இல்லாதவர்! நீதிமன்றம் அந்தக் கையோடு நின்றுவிட்டதா? இல்லை. தகுதியற்றவரை வேலைக்கு அமர்த்தியது யார், குழந்தையை அவர் பொறுப்பில் விட்டது யார் என்று கேட்டது. குழந்தைக்கு 12.5 லட்சமும் பெற்றோருக்கு 5 லட்சமும் இழப்பீடு என்ற நுகர்வோர் ஆணையத் தீர்ப்பை உறுதி செய்தது. இழப்பீட்டுச் சட்டம் மேலே நிமிர்ந்து நிர்வாகத்தைப் பார்க்கிறது. தண்டனைச் சட்டமோ கீழே குனிந்து கையை மட்டும் பார்க்கிறது. ஆளைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடித்த முதலாளிக்கு 106ஆம் பிரிவில் என்ன அச்சம்?

எனவே, தோழர்களே, நாம் கேட்பது சலுகை அன்று, சம அளவுகோல். 106ஆம் பிரிவின் விலக்கில் பதிவு பெற்ற செவிலியரும் சேர்க்கப்பட வேண்டும். அவர்மீது வழக்குத் தொடருமுன் செவிலியப் புலமை உள்ள சார்பற்றவரின் கருத்தைப் பெற வேண்டும். ஆள் அளவை மீறும் நிர்வாகமும் குற்றக்கூண்டில் நிற்க வேண்டும்.

கேட்டவருக்கே கிடைக்கும் என்று கண்டோம். செவிலியர் தனித்துக் கேட்டால் முணுமுணுப்பு என்பார்கள். நோயாளியின் உறவினரும் உழைக்கும் மக்களும் சேர்ந்து கேட்டால் நாடாளுமன்றத்தின் செவிக்கு எட்டும். கிளைகள்தோறும் இதைப் பேசுங்கள். செவிலியரின் கை நடுங்கினால், நடுங்குவது நம் வீட்டு நோயாளியின் உயிர் என்பதை மறவாதீர்கள்!