தரகரும் படிக்க வேண்டும்

வீடு பார்க்கப் புறப்பட்ட பெண்மணி எவரைக் கேட்டாலும், வீட்டுத் தரகரைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார். "காற்று பிய்த்துக்கொண்டு போகும்" என்று அவர் சொன்ன அறையில் ஏற்றிய தீக்குச்சிகூட அணையாது. "பஸ் நிறுத்தம் கூப்பிடு தூரம்" என்பார். கூப்பிடுகிறவருக்கு நல்ல தொண்டை வேண்டும்! இவற்றையெல்லாம் சிரித்து மன்னித்து விடலாம். நேரில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடுகிற சங்கதிகள்தானே? "இருபத்தைந்து வருஷ அனுபவம், அம்மா! எனக்குத் தெரியாததா?" என்று வாயை அடைக்கிறாரே, அங்கேதான் நாம் உஷாராக வேண்டும்.

அனுபவம் வேண்டியதுதான். எந்தத் தெருவில் மழைத் தண்ணீர் நிற்கும், எந்தக் கிணறு சித்திரையில் வற்றும் என்பதெல்லாம் அனுபவஸ்தருக்குத்தான் தெரியும். ஆனால் சட்டம் அவருக்காகக் காத்துக்கொண்டு நிற்பதில்லையே!

நம் பெண்களின் சொத்துரிமையையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1989-ல் செய்த திருத்தம், ஹிந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு கொடுத்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. பாடத்தை அதோடு மூடி வைத்துவிட்ட தரகர்கள் இன்னும் இருக்கிறார்கள். "பெண்களைக் கட்டிக் கொடுத்தாயிற்று, சீர் செய்தாயிற்று. பிள்ளைகள் கையெழுத்துப் போட்டால் போதும்" என்பார்கள்.

2005-ல் மத்தியச் சட்டமே திருத்தப்பட்டு, கல்யாணம் எப்போது நடந்திருந்தாலும் மகளும் மகனும் சமம் என்றாகிவிட்டது. தகப்பனார் அதற்கு முன்பே காலமாகியிருந்தால்? இதில் வெகு காலம் குழப்பம் இருந்தது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இந்த உரிமை பிறப்பால் வருவது, 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று தீர்த்துச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி முடிந்துபோன விற்பனைகளை மட்டும் கிளறுவதில்லை.

இதைப் படிக்காத தரகரை நம்பி, நகையை விற்று, கடனையும் வாங்கி ஒருவர் வீடு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷம் கழித்து, விற்றவருடைய அக்காவிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வருகிறது! அந்த அம்மாளைக் குறை சொல்ல முடியுமா? அவள் தன் பங்கைத்தானே கேட்கிறாள்? வில்லங்கச் சான்று பார்த்தோமே என்றால், அது பதிவான பத்திரங்களைத்தான் காட்டும். அந்த வீட்டில் எத்தனை பெண்கள் பிறந்தார்கள் என்பதை அது எப்படிச் சொல்லும்? வாரிசுச் சான்றிதழையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

அடுக்கு மாடி வீடுகளிலும் இதே கதைதான். 'ஆயிரம் சதுர அடி' என்றால் மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் நம் பங்கைச் சேர்த்த கணக்காக இருக்கும். கட்டில் போடுகிற இடம் எவ்வளவு என்று கேளுங்கள். 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் இதைத்தான் 'கார்ப்பெட் ஏரியா' என்கிறது. அந்தச் சட்டத்தின்கீழ் பதிவான குடியிருப்புகளில் தரகு பார்க்கிறவரும் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் 2023-லிருந்து பயிற்சி, பரீட்சை வேறு! தலை நரைத்த பிறகு பரீட்சையா என்று அங்கே சிலர் முணுமுணுத்திருக்கலாம். எனக்கென்னவோ அது நல்ல ஏற்பாடாகத்தான் படுகிறது.

மாம்பலத்தில் தரகு பார்க்கும் ஓர் அம்மாளை எனக்குத் தெரியும். ஏதாவது சந்தேகம் கேட்டால், "நிச்சயமில்லை, வக்கீலைக் கேட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்பார். மறுநாள் சொல்லியும் விடுவார். கைப்பையில் எப்போதும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். கேட்டுத் தெரிந்துகொண்டதைத் தேதி போட்டு அதில் எழுதி வைத்திருக்கிறார். பழைய வீடு ஒன்று விலைக்கு வந்தால், அறைகளைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே, "உங்களுக்கு அக்கா தங்கைகள் எத்தனை பேர்?" என்றுதான் ஆரம்பிப்பார். அந்தக் கேள்வியினால் இரண்டொரு வியாபாரம் கை நழுவிப் போனதுண்டாம். அதற்காக அவர் கேட்பதை நிறுத்தவில்லை.